உழவு வீட்டுத் தாயின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

காவிரிப் படுகையில் ஒரு தாய் இறந்துவிட்டால், பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சாகும் பத்திரிகையில் அவரைப் பற்றி இருப்பவை மூன்றே செய்திகள்: இன்னாருடைய மனைவி, இன்னின்னாருடைய தாய், இன்ன நாளில் இறைவனடி சேர்ந்தார். என் தாய்க்கும் நாங்கள் அப்படித்தான் அச்சடித்தோம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அதே வயல்களில் நாற்றுப் பறித்து, களை எடுத்து, களத்தில் நெல் தூற்றி, பின்னிரவில் எழுந்து நெல் அவித்து, மாடு கறந்து, நான்கு பிள்ளைகளை வளர்த்த ஒருவரின் வாழ்க்கை ஓர் அஞ்சலட்டை அளவுக்குள் முடிந்துபோனதை அந்தக் காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்திருந்தபோதுதான் உணர்ந்தேன். அடுத்த ஆண்டு திதிக்குள் அவர் வாழ்க்கையை எழுதி அச்சிட்டு உறவினர்களுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். அதைச் செய்துமுடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொண்டதை, தம் தாயைப் பற்றியோ அப்பாயி, அம்மாயியைப் பற்றியோ எழுத நினைப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். தாய் உயிரோடிருக்கும்போதே இதைத் தொடங்குகிறவர்கள் என்னைவிடப் பாக்கியசாலிகள்.

புகழ்ச் சொற்களை ஒதுக்கி வையுங்கள்

முதல் முறை எழுதியபோது நான்கு பக்கங்கள் ஒரே இரவில் வந்துவிட்டன. தியாகத்தின் உருவம், பொறுமையின் சிகரம், அன்பே வடிவானவர் என்று பக்கம் முழுவதும் எழுதியிருந்தேன். மறுநாள் படித்துப் பார்த்தபோது, பெயரை மட்டும் மாற்றினால் அது எங்கள் தெருவில் எந்த வீட்டுத் தாய்க்கும் பொருந்தும் என்று தெரிந்தது. அந்தச் சொற்கள் பொய்யல்ல. ஆனால் அவற்றில் என் தாய் இல்லை.

ஆகவே முதல் விதியாக இதைச் சொல்வேன்: உங்கள் தாய் எப்படிப்பட்டவர் என்று எழுதாதீர்கள், என்ன செய்தார் என்று எழுதுங்கள். ‘பொறுமைசாலி’ என்று எழுதத் தோன்றும் இடத்தில் நிறுத்தி, எந்த நாளில், எந்த இடத்தில், யாரிடம் பொறுத்துப் போனார் என்று உங்களையே கேளுங்கள். விடை கிடைத்தால் அதை எழுதுங்கள். கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். என் தாயைப் பற்றி நான் எழுதியவற்றில் உறவினர்கள் மிகவும் நெகிழ்ந்து பேசியது ஒரு நெல்மணியைப் பற்றிய பத்தியை. முதல் நாள் மாலை அண்டாவில் ஊறவைத்த நெல்லைப் பின்னிரவில் அவித்து, விடிந்ததும் களத்தில் கொட்டிப் பரப்பிக் காலால் துழாவிவிட்டு, பிற்பகலில் ஒரு பிடி அள்ளி, அதிலிருந்து ஒரே ஒரு மணியை எடுத்து அவர் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பார். ‘நறுக்’கென்று ஒடிந்தால் காய்ந்தது கூடிப்போயிற்று, மில்லில் நொய்யாகிவிடும், மாவாக நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் உண்டு. அந்தப் பதத்தை அவர் காதாலும் பல்லாலும் கண்டுபிடித்தார். அவருக்குப் பல் விழுந்த பிறகு, பள்ளிவிட்டு வந்த என் தங்கையைக் கடிக்கச் சொல்லிவிட்டு, அவள் தலையருகே குனிந்து அந்த ஓசையைக் கேட்பார். அவருடைய அறிவு, கவனம், வீட்டின் மீது அவருக்கிருந்த பொறுப்பு எல்லாம் அந்த ஒரு செயலில் இருக்கின்றன; தனியாக அவற்றுக்குப் பெயர் சூட்ட வேண்டியதில்லை.

முதலில் ஒரு நாள், பிறகு ஓர் ஆண்டு

பிறப்பு, திருமணம், பிள்ளைப்பேறு என்ற வரிசையில் தொடங்கினால் உழவு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கை விரைவில் வற்றிப்போகும், ஏனென்றால் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் வேலைகளில் நடந்தது. எனவே ஒரு நாளிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்குப் பத்து வயது இருந்தபோது ஒரு சாதாரண நாளில் அவர் எழுந்த நேரம் முதல் படுத்த நேரம் வரை என்னென்ன செய்தார் என்று வரிசையாக எழுதுங்கள்: வாசல் தெளித்தது, தொழுவம் கூட்டிச் சாணி அள்ளியது, கறந்த பாலைச் சங்கத்துக்குக் கொடுத்தனுப்பியது, வயலில் இருப்பவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோனது, வரட்டி தட்டியது, விளக்கு வைத்த பிறகு முறத்தில் அரிசி புடைத்தது. அவர் எப்போது சாப்பிட்டார் என்று உங்களால் எழுத முடிகிறதா என்று பாருங்கள். எங்கள் நால்வராலும் அதைச் சொல்ல முடியவில்லை. அந்த மறதியையும் நான் நூலில் அப்படியே எழுதினேன்.

அடுத்தது ஆண்டு. படுகைப் பகுதியாக இருந்தால் குறுவை, சம்பா, தாளடி என்னும் நெல் சாகுபடிப் பட்டங்களே உங்களுக்கு நாள்காட்டி. வழக்கம்போல் ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்தால் ஆனியில் நாற்றங்கால், ஆடியில் குறுவை நடவு. வராத ஆண்டில் அந்த மாதங்களில் அவர் என்ன செய்தார், எதைக் கொண்டு வீட்டை நடத்தினார் என்பது தனிக் கதை. அதைக் கட்டாயம் கேளுங்கள். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். பங்குனி வெயிலில் அந்தச் செடிகளைக் கையால் பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுவந்து அடித்துத் தூற்றுவது பெரும்பாலும் பெண்களின் பாடு. பல வீடுகளில் நெல் விற்ற பணம் ஆண்கள் கைக்கும் உளுந்து விற்ற பணம் பெண்கள் கைக்கும் போயிற்று. உங்கள் வீட்டில் எப்படி என்று விசாரியுங்கள். பிள்ளைகளின் பள்ளிச் செலவும் பெண்ணின் காதுத் தோடும் எங்கிருந்து வந்தன என்பது அங்கே தெரியவரும். கொங்கு நாட்டுக் கிணற்றுப் பாசனக் குடும்பமாகவோ கரிசல் காட்டுக் குடும்பமாகவோ இருந்தால் பயிர்களும் மாதங்களும் மாறும், முறை மாறாது: நிலத்தின் ஆண்டை முதலில் எழுதுங்கள், அதன் மேல் அவர் வேலைகளை வையுங்கள்.

தேதி தெரியாத வாழ்க்கைக்குத் தேதி கண்டுபிடிப்பது

பழைய தலைமுறைப் பெண்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பிறப்பு இறப்புப் பதிவை நாடு முழுவதும் கட்டாயமாக்கிய சட்டமே 1969இல்தான் வந்தது. ஆதார் அட்டையில் இருக்கும் பிறந்த தேதி, பதிவு செய்த அன்று யாரோ உத்தேசமாகச் சொன்னதாக இருக்கலாம். ஜாதகம் கிடைத்தால் அதுவே நல்ல சான்று, ஏனென்றால் அதில் தமிழ் வருடத்தின் பெயர் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறைதான் அதே பெயர் திரும்ப வரும் என்பதால், நந்தன வருடம் என்று இருந்தால் அது 1952–53 என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

ஜாதகமும் இல்லையென்றால் ஊர் மறக்காத நிகழ்ச்சிகளைக் கொண்டு கேளுங்கள். கடற்கரையை ஒட்டிய படுகையில் புயல்களே ஆண்டுக் கணக்கு. 1952 நவம்பர் 30இல் நாகப்பட்டினத்தருகே கரை கடந்த புயல், 1977 நவம்பர் 12இல் வந்த பெரும் புயல், 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வந்த கஜா ஆகியவற்றைச் சொன்னால் பெரியவர்களுக்கு நினைவு திறந்துகொள்ளும். ‘புயலடித்தபோது அம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா? மடியில் பிள்ளை இருந்ததா? எந்தப் பிள்ளை?’ என்று கேட்டால் ஓரிரு ஆண்டு வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம். 1957இல் நயா பைசா வந்தது, 1960களின் நடுவில் ஆடுதுறை 27, குட்டை ரகமான ஐ.ஆர். 8 போன்ற புது நெல் வந்தது, தெருவுக்கு மின்விளக்கு வந்தது, பக்கத்து வீட்டில் முதன்முதலாக டிராக்டர் வாங்கியது என்று எதையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். குட்டை ரகம் வந்தபோது வைக்கோல் குறைந்துபோய் மாட்டுக்குத் தீனி தேடி அலைந்ததை என் பெரியம்மா சொல்லித்தான் அறிந்தேன். தேதி தேடப் போனவனுக்கு அதைவிடப் பெரிய செய்தி கிடைத்தது.

தாள்களில் எதைத் தேடுவது

பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றிலும் உங்கள் தாயின் பெயர் இருக்க வாய்ப்புக் குறைவு. நிலம் மாமனார் பெயரில் இருந்திருக்கும், பிறகு கணவர் பெயருக்கு வந்திருக்கும். நிலத்தில் நின்றவர் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. ஐக்கிய நாடுகள் அவை 2026ஆம் ஆண்டைப் பெண் உழவர்களுக்கான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது. என்றாலும் நம் வீடுகளில் ‘விவசாயி’ என்று சொன்னால் இன்றும் தகப்பனார் முகம்தான் மனத்தில் வருகிறது. அவர் பெயர் இல்லாத இந்தப் பதிவுகளின் நகல்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, எந்தச் சர்வே எண் எந்த வயல், வீட்டில் அதை என்ன பெயரால் அழைத்தார்கள் என்று எழுதுங்கள்.

பிறந்த வீட்டுச் சொத்தின் வில்லங்கச் சான்றை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுத்த பத்திரம், என்று ஒரு பதிவு இருந்து, அந்தப் பத்திரத்தின் கீழே அவருடைய கையெழுத்தோ கைநாட்டோ இருக்கக்கூடும். தமிழ்நாடு 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு கொடுத்தபோதும், அதற்கு முன்பே திருமணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தத்துக்குப் பிறகுதான் அந்தத் தடை நீங்கியது. அதற்குப் பிறகும் அண்ணன் தம்பி உறவு கெட்டுவிடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஏராளம். உங்கள் தாய் எழுதிக் கொடுத்திருந்தால், எப்போது, யார் கேட்டு, என்ன சீர் வாங்கிக்கொண்டு என்பதைத் தெரிந்தவரை எழுதுங்கள். தாய்மாமன் வருத்தப்படுவாரே என்று அஞ்சி இதை விட்டுவிடுவது சரியல்ல. குறை கூறாமல் நடந்ததை நடந்தபடி எழுத முடியும்.

எனக்கு மிகவும் பயன்பட்ட தாள்கள் நகைக் கடன் ரசீதுகள். என் தாய் அவற்றை ஒரு பழைய ஓவல்டின் டப்பாவில் சுருட்டி வைத்திருந்தார். இரட்டை வடச் சங்கிலி ஒன்று ஆண்டுதோறும் ஆனியில் அடகுக்குப் போய், தை மாசியில் மீண்டு வந்திருந்தது. ஆனிச் சீட்டு உழவுக்கும் உரத்துக்கும்; மீட்டது அறுப்புக்குப் பிறகு. ரசீதுகளைத் தேதிவாரியாகத் தரையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த ஆண்டு வீட்டில் என்ன நடந்தது என்று அக்காவும் நானும் எழுதினோம். ஒரே ஓர் ஆண்டில் சீட்டு ஆவணியில் இருந்தது, மீட்ட ரசீது இல்லை. அக்காவைச் செவிலியர் படிப்பில் சேர்த்த ஆண்டு அது. ‘சங்கிலி எங்கேம்மா?’ என்று அப்போது கேட்டதற்கு, ‘பத்திரமாத்தான் இருக்கு, போட்டுக்கிட்டுப் போறதுக்கு எங்கயும் விசேஷம் இல்லையே’ என்று அவர் சொன்னது அக்காவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நீண்ட நேரம் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருக்கும். பரண், அரிசிப் பானையின் அடி, பூசை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்புறம் ஆகிய இடங்களைப் பாருங்கள். மொய் நோட்டு, பால் சங்கத்துக் கணக்கு அட்டை, மகளிர் குழுச் சேமிப்புப் புத்தகம் எதையும் தூக்கி எறியாதீர்கள்.

படங்கள் குறைவாகவே இருக்கும். காரியத்தில் மாலை போட்டு வைக்கும் படமே ஏதாவதொரு கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து வெட்டி எடுத்ததாக இருக்கும். வெட்டாத மூலப் படத்தைத் தேடிப் பிடித்து அதை நூலில் போடுங்கள். அவர் பக்கத்தில் யார் நின்றார், யாருடைய பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தார் என்பது அதில்தான் தெரியும்.

யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது

பிள்ளைகளாகிய நமக்குத் தாயைத் தாயாக மட்டுமே தெரியும். அவரைப் பெண்ணாகத் தெரிந்தவர்கள் தங்கை, நாத்தனார், ஓரகத்தி, உடன் நடவு நட்டவர்கள். முதலில் வயது முதிர்ந்தவரிடம் போங்கள், வரிசை அதுதான். ‘அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், ‘அதுமாதிரி மனுசி உண்டா’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். கையில் ஒரு பொருளோடு போய்க் கேளுங்கள். முறம், மரக்கால், அவர் கட்டிய ஒரு புடைவை எதுவானாலும் சரி. அல்லது அவரோடு வரப்பில் நடங்கள். இடம் வந்ததும் பேச்சு தானாக வரும். கைப்பேசியில் பதிவு செய்வதாக இருந்தால் முன்பே அனுமதி கேட்டுவிட்டு, பிறகு அதைக் கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள்.

நிலமுடைய வீடாக இருந்தால், கூலிக்கு நடவு நட்டுக் களை பறித்த பெண்களைக் கேட்காமல் எழுதிய வாழ்க்கை பாதிதான். அவர்கள் வீட்டுக்கு நீங்கள் போக வேண்டும். உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரவழைத்தால் பழைய வழக்கத்தின்படி நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் போய்ப் பார்த்த ஒரு மூதாட்டி முதல் நாள் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் முறை போனபோது, களத்தில் கூலி நெல் அளந்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் பக்கத்தில் மரக்காலால் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவார்கள். அந்த மூதாட்டி அதே ராகத்தில் ‘லாபம்… ரெண்டு… மூணு’ என்று எண்ணிக் காட்டிவிட்டு, ‘ஒங்க அப்பாயி பக்கத்துல நின்னா ஒங்கம்மா மரக்காலு தலைய வழிச்சித்தான் அளப்பாங்க தம்பி. அவுங்க அந்தாண்ட போயிட்டா, மரக்காலு கோபுரமா நிக்கும்’ என்றார். மாமியாருக்குப் பயந்த மருமகளும், பயத்தை மீறிய மனுசியும் ஒரே மரக்காலில் தெரிந்தார்கள். கூலி குறைவாக இருந்த ஆண்டுகளைப் பற்றியும் அவர் சொன்னார், அதையும் எழுதினேன்.

ஒப்பாரி பாடிய பெண்களை மறந்துவிடாதீர்கள். துக்க வீட்டில் அவர்கள் பாடும்போது, இறந்தவரின் பிறந்த ஊர், கட்டிக்கொண்டு வந்த சீர், பட்ட பாடு எல்லாவற்றையும் சேர்த்தே பாடுகிறார்கள். பல பெண்களுக்கு எழுதப்படாத ஒரே வாழ்க்கை வரலாறு அதுதான். அந்த நேரத்தில் பதிவு செய்வது தகாது. சில மாதங்கள் கழித்துப் போய், ‘அன்றைக்கு என்ன சொல்லிப் பாடினீர்கள்?’ என்று கேளுங்கள். துக்கமில்லாத வீட்டில் ஒப்பாரி பாட மாட்டார்கள், ஆனால் பொருளைச் சொல்வார்கள்.

கேட்கத் தயங்குவதைக் கேட்பது

உழவு வீட்டுத் தாய் ஒருவரின் வாழ்க்கையில் நாம் அறியாத இழப்புகள் இருக்கும். பிறந்து இறந்த குழந்தைகள், கருவிலேயே கலைந்தவை, பிள்ளை பெற்ற எத்தனையாம் நாளில் மறுபடி வயலுக்குப் போனார் என்பது ஆகியவற்றை மகன்கள் கேட்டால் பதில் வராது. அக்காவோ தங்கையோ கேட்கட்டும். எனக்கு முன் ஓர் அண்ணன் பிறந்து பதினோரு நாள் இருந்தான் என்பது என் ஐம்பதாவது வயதில்தான் தெரிந்தது. குடும்ப வரிசையில் அவனுக்கும் ஓர் இடம் கொடுத்து எழுதினேன். அவர் கோபங்களையும் எழுதுங்கள். யாரோடு பேசாமல் இருந்தார், எத்தனை ஆண்டு, எதற்காக, பிறகு யார் முதலில் பேசினார் என்பதெல்லாம் அவர் மனத்தின் உறுதியைக் காட்டும். ஆனால் உயிரோடிருக்கும் ஒருவரைப் புண்படுத்தும் செய்தியாக இருந்தால் அவரிடம் முதலில் படித்துக் காட்டுங்கள். அவர் மறுத்தால் இரண்டு கூற்றையும் அடுத்தடுத்து எழுதலாம். அல்லது அந்த ஒரு பக்கத்தைக் கையெழுத்துப் படியில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எழுதும் நடை, அச்சு

உங்கள் வாக்கியங்களை எழுத்துத் தமிழிலேயே எழுதுங்கள்; அவர் பேச்சை மட்டும் அவர் பேசியபடியே விடுங்கள். ‘உண்ணிட்டியாப்பா’ என்று கேட்டவரை ‘சாப்பிட்டாயா மகனே’ என்று கேட்க வைத்தால் அது வேறு யாரோ ஆகிவிடும். மா, குழி, மரக்கால், கலம் ஆகிய அளவுகளை ஏக்கருக்கும் கிலோவுக்கும் மாற்றிவிடாமல் அப்படியே வைத்து, நூலின் முதலில் ஒருமுறை விளக்கம் கொடுங்கள்: நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் உங்கள் வீட்டு மரக்காலையே அளந்து பார்த்து எழுதுவது நல்லது.

நாற்பது, ஐம்பது பக்கம் போதும். எழுத்து பெரியதாக இருக்கட்டும், படிக்கப் போகிறவர்களில் கண்ணாடி போட்டவர்களே அதிகம். அச்சுக்குக் கொடுக்கும் முன், அவரை அறிந்த ஐந்தாறு பேரை உட்காரவைத்து முழுவதையும் வாய்விட்டுப் படியுங்கள்; எழுத்தறியாதவர்களும் திருத்தம் சொல்லும் வாய்ப்பு அப்போதுதான் கிடைக்கும். எங்கள் வீட்டில் அப்படிப் படித்தபோது மூன்று வயல்களின் பெயர்களும் ஒரு பசுவின் நிறமும் திருத்தப்பட்டன. உடன் வேலை செய்த பெண்களின் வீடுகளுக்கும் ஒவ்வொரு படி கொடுங்கள். கடைசியில் சில பக்கங்களை வெற்றாக விட்டுத் தையுங்கள். என் தாயின் நூலில் அப்படி விட்ட நான்கு பக்கங்களில் இரண்டு இப்போது நிரம்பியிருக்கின்றன. ஒன்றில் என் அக்கா, உளுந்து விதையை அம்மா நொச்சியிலையும் வேப்பிலையும் போட்டுப் பானையில் கட்டிவைத்த முறையை எழுதியிருக்கிறாள். இன்னொன்றில் அந்த மூதாட்டியின் பேத்தி, தன் பாட்டியும் என் தாயும் ஒரே வரிசையில் நின்று நட்டபோது பாடிய நடவுப் பாட்டின் எட்டு வரிகளைப் பச்சை மையில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.